ஒப்பந்ததாரரின் பிணைப்பத்திரம் யாரைக் காக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கடிதங்களில் கணிசமானவை கட்டட ஒப்பந்ததாரர்களின் உரிமத்தையும், தொழில் வட்டாரத்தில் ‘பாண்ட்’ என்றே அழைக்கப்படும் பிணைப்பத்திரத்தையும் பற்றியவை. எழுதியவர்களில் ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள்; வீட்டு வேலையை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்துவிட்டுத் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். விதிகள் நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். இந்த ஏற்பாடு ஆழ வேரூன்றியிருப்பது அமெரிக்காவில் என்பதால், எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அங்கிருந்தே எடுத்திருக்கிறேன்.

கேள்வி: நான் சிறிய அளவில் வீட்டு வேலைகள் எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர். உரிமத்துக்காகப் பிணைப்பத்திரம் எடுத்து, ஆண்டுதோறும் பிரீமியம் தவறாமல் கட்டி வருகிறேன். என்மீது ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். பத்திரம் வழங்கிய நிறுவனம் அவருக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டது. இப்போது அந்தப் பணத்தை என்னிடம் கேட்கிறது. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நான் கட்டிய பிரீமியம் எதற்காக?

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. பத்திரத்தை விற்கும்போதே இதை உங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். பிரீமியம் என்ற சொல்லும், அதை வாங்குவது ஒரு காப்பீட்டு நிறுவனம் என்பதும் சேர்ந்து, இது ஒருவகைக் காப்பீடு என்ற எண்ணத்தை எவருக்கும் உண்டாக்கிவிடும். காப்பீட்டில் இரண்டு தரப்புகள் இருக்கின்றன. பிரீமியம் கட்டுபவருக்கு இழப்பு நேர்ந்தால் நிறுவனம் அதை ஈடுசெய்கிறது. பிணையிலோ மூன்று தரப்புகள்: வேலையைச் செய்வதாக வாக்களிக்கும் ஒப்பந்ததாரர், அந்த வாக்கை நம்பும் உரிமையாளர் அல்லது அரசு, அந்த வாக்கு தவறினால் தான் பொறுப்பேற்பதாகச் சொல்லும் பிணையாளர். கடன் வாங்கும் ஒருவருக்காக அவருடைய நண்பர் ஜாமீன் கையெழுத்துப் போடுவதை எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கியவர் கட்டாமல் போய், நண்பர் கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தை அவர் திருப்பிக் கேட்பதில் நமக்கு எந்த வியப்பும் ஏற்படாது. பிணைப்பத்திரத்தில் அந்த நண்பரின் இடத்தில் ஒரு நிறுவனம் நிற்கிறது. அப்படி நிற்பதற்கு அது வாங்கும் கட்டணமே நீங்கள் கட்டிய பிரீமியம்.

இது பழைய சட்டக் கொள்கைதான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவில் பிணை ஒப்பந்தத்தின் மூன்று தரப்புகளையும் வரையறுத்துவிட்டு, 145ஆம் பிரிவில், பிணையாளர் முறையாகச் செலுத்திய தொகையை முதன்மைக் கடனாளி (இங்கே ஒப்பந்ததாரர்) ஈடுசெய்வதாக வாக்களித்திருப்பது ஒவ்வொரு பிணை ஒப்பந்தத்திலும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது என்கிறது. நிறுவனங்கள் இதையும் போதாதென்று கருதி, பத்திரம் கொடுக்கும்போதே, தங்களுக்கு ஏற்படும் இழப்பைத் திருப்பித் தருவதாக உறுதி சொல்லும் ஈட்டுறுதி ஒப்பந்தம் ஒன்றில் தனியாகக் கையெழுத்து வாங்கிவிடுகின்றன. உங்களுடைய பழைய கோப்பில் அது நிச்சயம் இருக்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். புகார் வந்தபோது நிறுவனம் உங்களுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டிருக்கும். அதற்கு நீங்கள் பதில் எழுதியிருந்தால், அந்தப் பதிலைப் பரிசீலித்த பின்னரே பணம் கொடுத்தார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கொடுத்த தொகையின் கணக்கையும், விசாரணைச் செலவின் விவரத்தையும் கேளுங்கள். பதிலே எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனமானது. ஏனென்றால் நல்லெண்ணத்துடன் ஒரு புகாரைத் தீர்த்துவிடும் அதிகாரத்தைப் பெரும்பாலான ஈட்டுறுதி ஒப்பந்தங்கள் நிறுவனத்துக்கே கொடுத்துவிடுகின்றன. அந்த முதல் கடிதத்தை வழக்கமான அறிவிப்பு என்று நினைத்து ஒதுக்கிவைத்த பலரை நான் அறிவேன். ஒரு வாரத்துக்குள் ஒளிப்படங்களும் ரசீதுகளும் வாடிக்கையாளரின் கையெழுத்துள்ள தாள்களும் அனுப்பியிருந்தால் அவர்களில் சிலராவது தப்பித்திருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டை விரிவுபடுத்த ஓர் ஒப்பந்ததாரரை அமர்த்தினோம். ‘உரிமமும் பிணையும் உள்ளவர்’ என்று அவருடைய விசிட்டிங் கார்டிலேயே அச்சிட்டிருந்தது. அதை நம்பிப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்தோம். சுவர்கள் பாதி எழும்பியதோடு ஆளைக் காணோம். எங்கள் இழப்பு முழுவதும் அந்தப் பிணையிலிருந்து கிடைக்குமா?

பதில்: முழுவதும் கிடைப்பது அரிது. வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கார்டில் குறிப்பிட்டிருப்பது அநேகமாக உரிமப் பிணைப்பத்திரமாக இருக்கும். உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாக, ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தின் பெயருக்குக் கொடுத்துவைக்கும் பத்திரம் அது. உங்கள் வீட்டு வேலை முடியும் என்பதற்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. கலிபோர்னியாவில் இந்தப் பத்திரத்தின் தொகை 2023 ஜனவரி 1 முதல் 25,000 டாலர். அதற்கு முன் 15,000 டாலராக இருந்தது. ஒப்பந்ததாரர் ஒரே ஆண்டில் பத்து வீடுகளைப் பாதியில் விட்டிருந்தாலும் பத்திரத்தின் தொகை அதேதான். பத்துப் பேரும் அந்த ஒரு தொகைக்குள்தான் பங்கு கேட்க வேண்டியிருக்கும். அவர்களோடு, சம்பளம் கிடைக்காத தொழிலாளர்களும் கேட்கலாம். ஒரு சமையலறையைப் புதுப்பிக்கும் செலவே அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடிய இடத்தில், வீட்டை விரிவுபடுத்தும் வேலைக்கு அது எம்மாத்திரம்?

உங்கள் வேலையை முடித்துத் தருவதற்குப் பொறுப்பேற்கும் பத்திரம் வேறு. நிறைவேற்றப் பிணை என்று அதைச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட ஓர் ஒப்பந்தத்துக்காக, பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்தின் முழு மதிப்புக்கே எழுதப்படுவது அது; பிரீமியமும் ஒப்பந்தத் தொகையில் 1 முதல் 3 சதவீதம் வரை ஆகும். அரசு வேலைகளில் அது கட்டாயம் என்பதால் எல்லாரும் அறிந்திருக்கிறார்கள். தனிவீட்டு வேலைகளில் உரிமையாளர் கேட்டால்தான் கிடைக்கும், செலவும் கடைசியில் உரிமையாளர் தலையில்தான் விழும். இருந்தாலும் வாழ்நாள் சேமிப்பைப் போட்டுச் செய்கிற வேலையென்றால் கேட்பதில் தவறில்லை. பிணை நிறுவனம் அவருக்கு அந்தப் பத்திரத்தைத் தர மறுத்தால், நீங்கள் காசில்லாமலே ஒரு முக்கியமான செய்தியைத் தெரிந்துகொண்டீர்கள்.

இப்போதைக்கு, உரிம வாரியத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய உரிம எண்ணைக் கொடுத்து, அவர் உங்கள் வேலையைக் கைவிட்ட நாளில் எந்த நிறுவனத்தின் பத்திரம் நடப்பில் இருந்தது என்று பாருங்கள். இன்று இருக்கும் நிறுவனம் வேறாக இருக்கலாம். அன்றைய நிறுவனத்துக்கு ஒப்பந்த நகல், பணம் கொடுத்த சான்றுகள், வேலை நின்ற நிலையைக் காட்டும் ஒளிப்படங்கள், மீதியை முடிக்க வேறொருவர் தரும் மதிப்பீடு ஆகியவற்றுடன் உடனே எழுதுங்கள். இன்னும் பலர் ஏமாந்திருந்தால், தாமதிப்பவருக்குப் பத்திரத்தில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். வாரியத்துக்கும் தனியே புகார் கொடுங்கள். அது பணத்தை வாங்கித் தராவிட்டாலும் அடுத்த குடும்பத்தைக் காப்பாற்றும்.

முன்பணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. கலிபோர்னியாவில் வீட்டு மேம்பாட்டு வேலைக்கு ஒப்பந்ததாரர் கேட்கக்கூடிய முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதுதான். பத்திரங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு விதி அதிக வீடுகளைக் காத்திருக்கும் என்பது என் கருத்து. உங்கள் ஊரில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், வேலை நடக்க நடக்கப் பணம் கொடுப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள எவரும் தடையாக இருக்கப் போவதில்லை.

கேள்வி: உரிமம் இல்லாமல் வேலை எடுத்தால் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அபராதத்தைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. கலிபோர்னியச் சட்டத்தின்படி, உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்தவர் கூலிக்காக வழக்குப் போடவே முடியாது; வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடு என்று உரிமையாளர் வழக்குப் போடலாம். வேலை நன்றாக அமைந்ததா என்பதைக்கூட நீதிமன்றம் பார்க்காது. அங்கு 1,000 டாலருக்கும் குறைவான, கட்டட அனுமதி தேவைப்படாத, வேலையாள் வைத்துக்கொள்ளாமல் செய்யும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2025க்கு முன் இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. பெரிய வேலையைச் சிறுசிறு ரசீதுகளாகப் பிரித்துக் காட்டுவது விலக்காகாது. மாறாக, டெக்சாஸில் பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்கு மாநில அளவில் உரிமமே இல்லை. குழாய் வேலை, மின்வேலை போன்றவற்றுக்குத்தான் உண்டு, நகராட்சிகள் தனியே பதிவு கேட்கலாம். எனவே நண்பர் எந்த இடத்தை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதை முதலில் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் கட்டட நிறுவனம் நடத்துகிறார். ஒரு பெரிய அரசு வேலைக்குப் பிணைப்பத்திரம் வாங்க, என்னுடைய கையெழுத்தும் வேண்டும் என்று பிணை நிறுவனம் கேட்கிறது. நிறுவனத்தில் எனக்குப் பங்கு இல்லை. ‘வெறும் சம்பிரதாயம்தான்’ என்கிறார் முகவர். போடலாமா?

பதில்: சகோதரி, அது சம்பிரதாயம் இல்லை. உங்கள் கையெழுத்து எதற்காகக் கேட்கப்படுகிறது என்றால், நாளை நிறுவனம் நொடித்துப்போகும் நிலை வரும்போது கணவர் பெயரிலிருக்கும் சொத்து மனைவி பெயருக்கு மாறி, பிணையாளரின் கைக்கு எட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். பிணையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையெழுத்திட்ட நொடியிலிருந்து, வீடும் சேமிப்பும் உட்பட உங்கள் பெயரிலுள்ள எல்லாவற்றையும் வைத்து நீங்களும் பொறுப்பாளி ஆகிறீர்கள். நிறுவனத்தை வரையறுத்த பொறுப்புள்ளதாகப் பதிவு செய்ததன் பயன் இந்த ஒரு தாளில் உங்களைப் பொறுத்தவரை அற்றுப்போகிறது.

ஈட்டுறுதி ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கி வந்து, பதற்றமில்லாத ஒரு நாளில் முழுமையாகப் படியுங்கள். மூன்று இடங்களில் நிறுத்திப் படிக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டுமா, அல்லது இனி நிறுவனம் வாங்கப்போகும் எல்லாப் பத்திரங்களுக்கும் சேர்த்தா என்பது முதல் இடம். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் எழுதியிருப்பார்கள். இழப்பு ஏற்படுவதற்கு முன்பே, புகார் வந்தவுடன் ஈடு வைக்கச் சொல்லும் உரிமை பிணையாளருக்கு இருக்கிறதா என்பது அடுத்தது. வழக்கறிஞர் கட்டணமும் விசாரணைச் செலவும் யார் கணக்கில் சேரும் என்பது மூன்றாவது. ஒப்பந்தத்திலிருந்து எழுத்து அறிவிப்புத் தந்து விலக வழி இருந்தாலும், விலகும் நாளுக்கு முன் வழங்கப்பட்ட பத்திரங்களுக்கான பொறுப்பு தொடரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேரம் பேசவே முடியாது என்று எண்ணாதீர்கள். கணக்குகள் சீராக இருக்கும் நிறுவனத்துக்கு, வசிக்கும் வீட்டை விலக்கவோ, மனைவியின் பொறுப்பை ஒரு தொகைக்குள் அடக்கவோ பிணையாளர்கள் இசைவது உண்டு. கேட்டால் மறுக்கலாம், அவ்வளவுதான். கணவருக்கு ஆலோசனை சொல்பவர் அல்லாத வேறொரு வழக்கறிஞரிடம், உங்கள் சார்பாக மட்டும் பேசக்கூடியவரிடம், அந்தத் தாளைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். கணவர்மீது நம்பிக்கை இல்லாததால் கேட்கிறீர்கள் என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். இந்தக் கேள்வியில் ஐயப்படப்படுவது அவருடைய நேர்மை அன்று. மழை, விலையேற்றம், பணம் தராத முதலாளி ஆகியவை எவருக்கும் வரக்கூடியவை.

கேள்வி: அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் கட்டட வேலை ஒன்றில், துணை ஒப்பந்ததாரருக்குக் கம்பியும் சிமெண்ட்டும் கொடுத்தேன். அவர் பணம் தரவில்லை. கட்டடத்தின்மேல் உரிமைப் பற்று (பாக்கிக்கு ஈடாகச் சொத்தின்மேல் பதியும் உரிமை) பதிவு செய்ய முடியாது என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். தனியார் கட்டடத்தில் பொருள் கொடுத்தவர் அந்தச் சொத்தின்மேலேயே பற்று வைக்கலாம். அரசுக் கட்டடத்தை அப்படி ஏலம்விட வழியில்லை என்பதால், அந்தக் குறையை ஈடுசெய்யவே, தொழிலாளருக்கும் பொருள் கொடுத்தவருக்கும் சேர வேண்டிய பணத்துக்குப் பிணையாளர் பொறுப்பேற்கும் பணப்பட்டுவாடாப் பிணை என்ற பத்திரத்தைச் சட்டம் கட்டாயமாக்கியது. 1894ஆம் ஆண்டின் ஹர்ட் சட்டத்தில் தொடங்கிய இந்தப் பாதுகாப்பு, 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டத்தில் இன்றைய வடிவம் பெற்றது.

முதன்மை ஒப்பந்ததாரரிடம் உங்களுக்கு நேரடி ஒப்பந்தம் இல்லாததால், நீங்கள் கடைசியாகப் பொருள் கொடுத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். எவ்வளவு தொகை, யாருக்குக் கொடுத்த பொருள் என்பவை அதில் துல்லியமாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். வழக்கு அந்தக் கடைசி நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்கப்பட வேண்டும். குறைபாட்டைச் சரிசெய்யப் பின்னால் சென்று கொடுத்த பொருளைக் கடைசிப் பொருளாகக் காட்டி நாளை நீட்டிக்க முயல வேண்டாம். நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்ததால் நீங்கள் தப்பித்தீர்கள். மற்றொரு வணிகருக்கு நீங்கள் கொடுத்து, அவர் வழியாகப் பொருள் அந்த வேலைக்குப் போயிருந்தால் மில்லர் சட்டம் உங்கள் வரை வந்திருக்காது. மாநில அரசு வேலைகளுக்கு அந்தந்த மாநிலத்தின் சட்டம் தனி, காலக்கெடுவும் தனி.

கேள்வி: புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். அனுபவம் இருக்கிறது, ஆனால் பிணைப்பத்திரம் தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. பத்திரம் இல்லாமல் டெண்டர் போட முடியவில்லை. டெண்டர் போடாமல் எப்படிப் பெயர் எடுப்பது?

பதில்: நியாயமான கேள்வி. இந்த வட்டத்தை உடைக்க ஒரே வழி, கைக்கடக்கமான வேலையில் தொடங்குவது. இதுவரை நீங்கள் முடித்த மிகப் பெரிய வேலை எவ்வளவு என்று பிணை நிறுவனம் கேட்கும். அதைப்போல் ஐந்து மடங்கு வேலைக்குப் பத்திரம் கேட்டால் மறுப்பதே அவர்கள் கடமை, ஏனென்றால் தாங்க முடியாத அளவுக்கு ஒரேயடியாகத் தாவியவர்கள் நொடித்துப்போவதை அவர்கள் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை, இரண்டு மடங்கு என்றால் பேசலாம்.

அவர்கள் பார்ப்பது குணம், திறன், மூலதனம் என்று தொழிலில் சொல்வார்கள். நடைமுறையில், கணக்காளர் தயாரித்த நிதிநிலை அறிக்கை, கையிலுள்ள ஒவ்வொரு வேலையிலும் எவ்வளவு முடிந்தது, எவ்வளவு வசூலாயிற்று, இன்னும் எவ்வளவு செலவாகும் என்று காட்டும் பட்டியல், வங்கியில் இருக்கும் கடன் வரம்பு, உங்கள் சொந்தக் கடன் வரலாறு ஆகியவற்றைத்தான் மேசைமேல் வைக்கச் சொல்வார்கள். உடனே பணமாக்கக்கூடிய சொத்திலிருந்து குறுகியகாலக் கடனைக் கழித்து வரும் தொகையின் பத்து மடங்கு அளவுக்குப் பத்திரம் தரலாம் என்பது பலர் கையாளும் தோராயக் கணக்கு. ஆண்டு முடிவில் இருந்த பணத்தையெல்லாம் புது வண்டியிலும் இயந்திரத்திலும் போட்டுவிட்டு, பிணை வரம்பு ஏன் சுருங்கிவிட்டது என்று கேட்பவர்களுக்கு இதில் விடை இருக்கிறது.

அமெரிக்காவில் சிறுதொழில் நிர்வாகம் என்ற அரசு அமைப்பு, சிறிய ஒப்பந்ததாரருக்குப் பத்திரம் தரும் பிணையாளருக்கு ஏற்படக்கூடிய இழப்பில் 80 முதல் 90 சதவீதம் வரை தான் ஏற்பதாக உறுதி தருகிறது. அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் நிறுவனம் வழியாக விண்ணப்பித்தால் உங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வேலை நடுவில் திட்டத்தை மாற்றி, ஒரு தளம் கூட்டினோம். இப்போது ஒப்பந்ததாரர் கைவிட்டுவிட்டார். ஒப்பந்தம் மாறிவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது பிணை நிறுவனம். இது முறையா?

பதில்: பத்திரத்தின் வாசகத்தைப் பார்க்காமல் முறை, முறையில்லை என்று சொல்ல முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, பிணையாளரின் இசைவின்றி ஒப்பந்தத்தை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். கட்டட வேலையில் மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதால், மாற்றங்களைப் பற்றிய அறிவிப்பு தனக்குத் தேவையில்லை என்று பிணையாளரே எழுதித் தரும் வரி பல பத்திரங்களில் இருக்கிறது. அந்த வரி உங்கள் பத்திரத்தில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ஆனால் ஒரு தளத்தையே கூட்டியதைச் சாதாரண மாற்றமாக எடுத்துக்கொள்வார்களா என்பதில் வழக்கு வரத்தான் செய்யும்.

மற்றொரு செய்தியும் இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் ஏ312 படிவம் போன்ற பத்திரங்களில், ஒப்பந்ததாரர் தவறிவிட்டார் என்று உரிமையாளர் முறைப்படி அறிவித்து, ஒப்பந்தத்தை முடித்து, கையில் மிச்சமிருக்கும் ஒப்பந்தப் பணத்தைப் பிணையாளருக்குத் தரச் சம்மதித்த பிறகுதான் பிணையாளரின் பொறுப்பு எழுகிறது. கோபத்தில் உடனே வேறொருவரை அமர்த்தி வேலையை முடித்துவிட்டு, பிறகு ரசீதை அனுப்புபவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். வேறு ஆளை இன்னும் அமர்த்தவில்லை என்றால், சற்றே பொறுத்து, முதலில் அறிவிப்பை அனுப்புங்கள்.

கேள்வி: ஒப்பந்ததாரர் கொடுத்த பத்திரம் உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பத்திரத்தில் அச்சிட்ட தொலைபேசி எண்ணை நம்ப வேண்டாம். பிணை நிறுவனத்தின் எண்ணை நீங்களே வேறிடத்தில் தேடி எடுத்து, பத்திர எண்ணைச் சொல்லி, தாங்கள் வழங்கியதுதானா, கையெழுத்திட்ட முகவருக்கு அந்தத் தொகை வரை அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்திரத்தோடு, நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட முகவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரம் ஒன்று இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வேலைகளுக்குத் தகுதியுள்ள பிணையாளர்களின் பட்டியலை அந்நாட்டுக் கருவூலத் துறை 570ஆம் எண் சுற்றறிக்கையாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் எந்த அளவு வரை பத்திரம் எழுதலாம் என்பதும் அதிலேயே இருக்கும். நிறுவனத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரோடு ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ அச்சடித்த பத்திரங்கள் ஏமாற்றுக்காரர்களின் வழக்கமான கருவி.